உங்களுக்குத் தெரியுமா? ஒரு பிடிஎஃப் கோப்பும் மூன்றாண்டுச் சிறையும்

பதிப்புரிமைத் திருட்டு வழக்கில் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர் போடலாமா, ஜாமீன் உரிமையாகவே கிடைத்துவிடுமா என்று பல ஆண்டுகளாகக் குழப்பம் இருந்தது. உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவந்தன. அந்தக் குழப்பத்தைத் தீர்த்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பின்னல் ஊசி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கிறது: 'நிட் புரோ இன்டர்நேஷனல் எதிர் டெல்லி அரசு'. 2022 மே 20-ல் நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, பி.வி.நாகரத்னா அமர்வு தந்த தீர்ப்பு அது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவின்கீழ் வரும் குற்றம் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்கது, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாதது என்று அந்த அமர்வு முடிவுசெய்தது. அந்த வழக்கின் எஃப்.ஐ.ஆரை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

நம் ஊர் திருமுருகன்பூண்டியில் பனியன் கம்பெனியும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையும் ஜெராக்ஸ் கடையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இந்தத் தீர்ப்பு இந்த மூன்றின் கதவையும் தட்டக்கூடியது.

★

தண்டனை எவ்வளவு? முதல் தடவை என்றால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. இரண்டாவது தடவையும் குற்றம் நிரூபணமானால் குறைந்தபட்சச் சிறை ஓராண்டு, குறைந்தபட்ச அபராதம் ஒரு லட்சம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிபதி காரணத்தைப் பதிவுசெய்து தண்டனையைக் குறைக்கலாம். குறைக்கலாம் என்பதுதான் சட்டம். குறைத்தே ஆகவேண்டும் என்பதல்ல. "நான் காசா வாங்கினேன், சும்மாதானே அனுப்பினேன்" என்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

★

சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரி, வாரண்ட் இல்லாமலே திருட்டுப் பிரதிகளையும் அவற்றைத் தயாரிக்கப் பயன்பட்ட கருவிகளையும் கைப்பற்றலாம் என்கிறது 64-வது பிரிவு. கைப்பற்றியதை மாஜிஸ்திரேட் முன்னால் வைத்துவிட வேண்டும். பொருளைத் திரும்பக் கேட்பவருக்கு 15 நாள் அவகாசம் உண்டு.

தவறு செய்தது கம்பெனி என்றால் 69-வது பிரிவு வருகிறது. தவறு நடந்த நேரத்தில் பொறுப்பில் இருந்தவர் அனைவரும் குற்றவாளிகளாகவே கருதப்படுவார்கள். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்கத் தேவையான எல்லாக் கவனமும் எடுத்தேன் என்று நிரூபிக்கும் வேலை அவர்களுடையது. டிசைனர் பையன்மேல் பழியைப் போட்டுவிட்டு முதலாளி நகர்ந்துவிட முடியாது.

★

டெலிகிராம் சேனலில் பெயர் வெளியே தெரியாது என்று நினைப்பவர்கள் இரண்டு டெல்லி வழக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது 2020 மே மாதம். தினமும் காலையில் 'தைனிக் ஜாகரண்' நாளிதழின் இ-பேப்பரை முழு பிடிஎஃப் ஆக்கி யாரோ சேனல்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இதழ் முழுதும் பலருக்கு இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜாகரண் பிரகாஷன் வழக்குப் போட்டது. சேனல்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கு, நடத்துபவர்களின் அடையாளத்தைக் கொடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

இரண்டாவது வழக்கு போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. நீத்து சிங் என்பவர் போட்டித் தேர்வுகளுக்கான ஆங்கிலப் புத்தகங்கள் எழுதுபவர், பாடம் நடத்துபவர். அவருடைய புத்தகங்களும் வகுப்பு வீடியோக்களும் சேனல் சேனலாகப் பரவின. ஒன்றை மூடினால் இன்னொன்று முளைத்தது. டெலிகிராம் தரப்பு, எங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்த நாட்டுச் சட்டப்படி பயனாளர் விவரத்தைத் தரமுடியாது என்றது. 2022 ஆகஸ்ட் 30-ல் நீதிபதி பிரதிபா எம்.சிங் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார். திருட்டில் ஈடுபடுபவருக்குத் தனியுரிமை கவசமாகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். சில மாதங்களில் டெலிகிராம் பெயர்களையும் போன் எண்களையும் ஐ.பி. முகவரிகளையும் மூடிய உறையில் வைத்து நீதிமன்றத்தில் கொடுத்தது.

★

பஸ் ஸ்டாப் அருகில் ஒரு ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் பெண் போனை நீட்டுகிறார்: "அண்ணா, குரூப் ஃபோர் மெட்டீரியல் வந்திருக்குங்க, ரெண்டு பக்கமும் போட்டு ஸ்பைரல் பண்ணிக் குடுங்க." கடைக்காரர் வாட்ஸ்அப்பில் வாங்கி, பக்கத்துக்கு இவ்வளவு என்று பிரிண்ட் எடுத்துத் தருகிறார். அந்தக் கோப்பு அரசு தன் தளத்தில் இலவசமாகத் தரும் பள்ளிப் பாடநூல் என்றால், அவர் தன் படிப்புக்காக ஒரு பிரதி எடுப்பதில் சிக்கல் இல்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆனால் அது யாரோ ஒரு ஆசிரியர் ராத்திரி கண்விழித்துத் தொகுத்து விற்கும் கைடு என்றால், கடைக்காரர் அதையே நூறு பிரதி போட்டு அடுக்கிவைத்து விற்றால், அது வியாபாரத் திருட்டு. படிக்கிற பெண்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கைடு எழுதிய ஆசிரியரும் அவரைப்போலவே சம்பளத்தை எண்ணிச் செலவு செய்பவர்தான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் போட்ட வழக்கை இங்கே பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 2016-ல் அந்தக் கடை வென்றது உண்மை. வகுப்புப் பாடத்திட்டத்துக்காகப் பல நூல்களிலிருந்து பகுதிகளைத் தொகுத்துக் கொடுத்ததைக் கற்பித்தலுக்கான விலக்கின்கீழ் நீதிமன்றம் அனுமதித்தது. முழுப் புத்தகத்தை நகலெடுத்து விற்கும் உரிமையை அந்தத் தீர்ப்பு யாருக்கும் வழங்கவில்லை.

★

ஒரு கவிஞனின் பதிப்புரிமையை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. அந்தக் கவிஞன் பாரதி.

பாரதி 1921-ல் மறைந்தபோது அவன் எழுத்துக்குப் பெரிய விலை இல்லை. குடும்பத்தின் கையிலிருந்த உரிமைகள் பின்னாளில் பலரிடம் போயின. பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்துசேர்ந்தது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்ததும் அப்படித்தான். அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்த்தார்கள். உரிமை என்னிடம் இருக்கிறது என்று ஏவி.எம். தரப்பு சட்டப்படி எதிர்த்தது. பாரதியைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கொதித்தார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தன் பங்கைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1950-களின் நடுவில் பாரதி எழுத்து முழுதும் பொதுவுடைமையானது. இந்த வரலாற்றை ஆ.இரா.வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

இன்று பூண்டியில் ஒரு பட்டறை பாரதி வரிகளை டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்றால் யாருக்கும் ஒரு பைசா தரவேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம் தானாக வந்ததில்லை. அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள், அரசு உரிமையை எடுத்திருக்கிறது, ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். உரிமை உள்ள ஒரு படைப்பைப் பொதுவாக்க நேர்மையான வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

★

எது இலவசம், எது இல்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டு. முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் எழுத்துக்கு 1991-ன் முடிவில் உரிமை முடியவிருந்த நேரத்தில்தான் பத்தாண்டு கூட்டப்பட்டது.

கல்கி மறைந்தது 1954. நாட்டுடைமை ஆக்கப்படாமல் இருந்திருந்தாலும் 2015 ஜனவரி 1-லிருந்து 'பொன்னியின் செல்வன்' எல்லோருக்கும் சொந்தம். புதுமைப்பித்தன் 1948, அவர் கதைகளும் அப்படியே. சுஜாதா 2008-ல் மறைந்தார். கணக்குப்படி 2068 முடியும்வரை அவர் எழுத்துக்கு உரிமை இருக்கிறது. கலைஞர் கருணாநிதி மறைந்தது 2018 என்பதால் 2078 வரை போயிருக்க வேண்டியது. 2024-ல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியதால் அந்த வேலி இப்போதே எடுக்கப்பட்டுவிட்டது.

கதை வாசித்து யூடியூபில் ஏற்றும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மைக் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். ஒரு முழுக் கதையை வாசித்து வெளியிடுவதும் பொதுமக்களுக்குப் பரப்புவதாகத்தான் சட்டத்தின் கண்ணில் படும். குரல் உங்களுடையது, கதை உங்களுடையதல்ல. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே மூடப்படலாம். பல வருட உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

பொதுவுடைமை நூல்களை எங்கே தேடுவது? 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இரண்டும் முறையானவை, இரண்டும் இலவசம்.

★

நாட்டுடைமை நூல் என்றால் கடையில் கிடைக்கும் எந்தப் பதிப்பையும் ஸ்கேன் செய்து விற்கலாமா? கூடாது. மூலம் பொது, ஆனால் அந்தப் பதிப்புக்கு ஒருவர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, அருஞ்சொல் விளக்கம், அட்டைப்படம் எல்லாம் தனித்தனி உழைப்பு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நீதிமன்றத் தீர்ப்பு பொதுச்சொத்து, யாரும் வெளியிடலாம். ஆனால் அந்தப் பதிப்பகம் தன் அறிவைச் செலுத்திப் பத்தி பிரித்து எண்ணிட்டதையும், எந்த நீதிபதி உடன்பட்டார், யார் மாறுபட்டார் என்று சேர்த்த குறிப்பையும் எடுத்து சி.டி.யில் போட்டு விற்கப் போட்டியாளருக்கு உரிமை இல்லை.

★

பத்திரிகையில் வேலை பார்த்தபடி எழுதிய தொடர் யாருக்குச் சொந்தம்? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இதழில் வெளியிடும் உரிமை மட்டும் இதழ் உரிமையாளருக்கு. புத்தகம், மின்னூல், ஒலிநூல் உள்ளிட்ட மற்ற எல்லாம் எழுதியவருக்கு. சட்டம் 17-வது பிரிவில் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. மற்ற வேலைகளில் அப்படி இல்லை: பனியன் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வரையும் டிசைனரின் படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்கே போகிறது.

உரிமையைக் கைமாற்றும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், கையெழுத்தும் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012-ல் ஒரு நல்ல விதியும் சேர்ந்தது: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத, புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு, அதன் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் பொருந்தாது. நாளைக்கு வரப்போகும் ஏதோ ஒரு திரைக்கும் சேர்த்து இன்றைக்கே எழுதி வாங்கிவிட முடியாது. மின்னூல் வெளியிட யாராவது காகிதத்தை நீட்டினால், வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

★

பதிப்புரிமைப் புகார் அமலாக்கத் துறைவரை போகுமா? போகும், போயிருக்கிறது.

1996-ல் 'இனிய உதயம்' இதழில் ஆரூர் தமிழ்நாடன் எழுதிய 'ஜூகிபா' கதை வெளியானது. 2010-ல் 'எந்திரன்' படம் வந்தபோது, அது தன் கதை என்று அவர் சிவில் வழக்கும் குற்றவியல் புகாரும் தொடுத்தார். சிவில் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தள்ளுபடி செய்தது. குற்றவியல் புகார் எழும்பூர் நீதிமன்றத்தில் இருந்துகொண்டிருந்தது. 63-வது பிரிவு, பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கும் ஒரு குற்றம். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை, அந்தப் படத்தின் இயக்குநர் ஷங்கரின் 10.11 கோடி ரூபாய் மதிப்புள்ள மூன்று அசையாச் சொத்துகளை முடக்கியது. அடுத்த மாதமே, மார்ச் 11-ல், உயர் நீதிமன்றம் அந்த முடக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் வேலையில்லை. ஒரு மாத இதழில் வந்த சில பக்கக் கதை, கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துச் சொத்து முடக்கம்வரை போனது என்பதைப் பாருங்கள். கதைக்கரு யாருக்கும் சொந்தமில்லை, அதை வெளிப்படுத்திய விதம்தான் சொந்தம் என்று 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் இன்றும் எல்லா வழக்கும் நடக்கிறது.

★

இனி நம் தொழிலுக்கு வருவோம்.

ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் வேலை தொடங்குவது கம்ப்யூட்டர் முன்னால். டிசைனர் இணையத்தில் ஒரு படத்தைப் பிடிக்கிறார். கோரல் டிராவில் டிரேஸ் எடுக்கிறார், கலர் கலராகப் பிரிக்கிறார், ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம் போகிறது. எமல்ஷன் பூசிய ஸ்கிரீனில் அந்த ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, தண்ணீரில் கழுவினால் உருவம் திறந்துகொள்கிறது. அப்புறம் டேபிள் நீளத்துக்குப் பீஸ்களை ஒட்டி, ஸ்கிரீனை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஸ்குவீஜியால் இழுத்துக்கொண்டே போகிறார்கள். காலையில் ஒரு ஓவியனின் பக்கத்தில் இருந்த படம் சாயங்காலம் ஆயிரம் பீஸில் காய்ந்துகொண்டிருக்கும். கேட்டால் "கூகுள்ல இருந்துதானுங்க எடுத்தேன்" என்பார் டிசைனர். கூகுள் தேடிக் கொடுக்கும் இடம்தான். அங்கே கிடைப்பதற்கெல்லாம் அது சொந்தக்காரர் அல்ல.

அந்தப் படத்தின் மூலையில் ஓவியர் பெயரோ வாட்டர்மார்க்கோ இருந்து, அதை அழித்திருந்தால் இன்னொரு குற்றமும் சேர்கிறது. படைப்பாளியை அடையாளம் காட்டும் தகவலை வேண்டுமென்றே நீக்கினால் 2 ஆண்டு வரை சிறை. 2012-ல் சேர்த்த 65-பி பிரிவு அது.

ஏற்றுமதி ஆர்டர் என்றால் கணக்கு டாலரில் மாறும். அமெரிக்கச் சட்டத்தில் பதிவுசெய்த ஒரு படைப்புக்கு, நஷ்டத்தை நிரூபிக்காமலே 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் 1,50,000 வரை. பீஸுக்கு இத்தனை ரூபாய் மார்ஜினில் ஓடும் ஒரு யூனிட் அதை எப்படித் தாங்கும்?

★

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதில் நம் ஆட்களே நஷ்டப்படுகிறார்கள். உங்கள் யூனிட்டில் சொந்தமாக ஒரு டிசைன் போடுகிறீர்கள். டிசைன் சட்டப்படி பதிவுசெய்யத்தக்க ஒன்றைப் பதிவுசெய்யாமலே ஐம்பது தடவைக்கு மேல் இயந்திரத்தில் அச்சிட்டு விற்றுவிட்டால், அதன் பதிப்புரிமை அதோடு முடிகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு அது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் சோஃபாத் துணி டிசைன்களுக்கு இதைத்தான் பொருத்தியது. எது தூய கலைப்படைப்பு, எது தொழில் டிசைன் என்று பிரித்துப் பார்க்கும் சோதனையை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் மறுபடி விளக்கியிருக்கிறது. ஐம்பது பீஸ் என்பது ஒரு டேபிளில் சில நிமிட வேலை. சுவரில் மாட்டும் ஓவியனுக்குக் கிடைக்கும் அறுபது ஆண்டும் அதற்கு மேலும் நம் டிசைனருக்கு அந்தச் சில நிமிடத்தில் கரைந்துபோகலாம் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வழி இருக்கிறது. டிசைன் பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், இன்னும் 5 ஆண்டு நீட்டலாம். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சாம்பிளை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் புதுமை போய்விடும், பதிவும் கிடைக்காது. முதலில் விண்ணப்பம், பிறகு போட்டோ.

★

எம்பிராய்டரி பஞ்சிங்குக்கோ பேட்டர்ன் வெட்டுக்கோ கிராக் செய்த சாஃப்ட்வேர்? திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். விற்றவருக்குத் தனித் தண்டனை, இது பயன்படுத்துபவருக்கு.

★

தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. 'தேசி பாய்ஸ்' பட வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒற்றை விளம்பர வாசகத்துக்கும் பொதுவாகக் கிடையாது. ஆனாலும் டிரேட்மார்க் என்று வேறொரு பாதுகாப்பு இருக்கலாம். அதனால் படப்பெயரைப் பனியனில் அச்சிடும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

★

பூண்டியின் உளிச்சத்தம் கேட்காதவர் இந்தப் பக்கம் இருக்க முடியாது. சிற்பமும் பதிப்புரிமை உள்ள கலைப்படைப்புதான். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண போட்டோவின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கு. அந்த விதியில் போட்டோவும் ஓவியமும் படமும் இருக்கின்றன, சிற்பம் இல்லை. ஆகவே ஆர்டரின்பேரில் செய்த சிலையாக இருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதன் பதிப்புரிமை செதுக்கியவரிடமே நிற்கிறது.

பொது இடத்தில் நிலையாக வைத்த சிலையைப் போட்டோ எடுப்பதும் வெளியிடுவதும் குற்றமில்லை. பட்டறைக்குள் சிற்பி எடுத்து வைத்திருக்கும் போட்டோவை உருவி, இன்னொருவர் தன் வேலை என்று தன் கேட்லாக்கில் போடுவது வேறு. அமர்நாத் சேகல் விக்யான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தைப் பெயர்த்து மூலையில் போட்டு நாசமாக்கினார்கள். விற்றாகிவிட்ட பொருள்தான். ஆனாலும் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், படைப்பாளியின் மானம் அந்தப் படைப்போடு இருக்கிறது என்று ஏற்று, மிச்சத்தை அவரிடமே திருப்பித் தரச் சொன்னது, 5 லட்சம் இழப்பீடும் கொடுக்கவைத்தது. எதிரே நின்றது மத்திய அரசு.

★

சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை வேடர் வடிவில் பூதகணங்கள் வழிமறித்துப் பறித்ததும், அவர் இங்கே பதிகம் பாடி எல்லாவற்றையும் திரும்பப் பெற்றதும் இந்த ஊரின் தலவரலாறு. பறிபோனது சொந்தக்காரரிடமே திரும்பவேண்டும் என்பது பதிப்புரிமைச் சட்டத்திலும் உண்டு: 58-வது பிரிவின்படி திருட்டுப் பிரதிகளும், அவற்றை அச்சிடப் பயன்பட்ட அச்சு, நெகட்டிவ், நகலெடுக்கும் கருவி எல்லாமும் உரிமையாளரின் சொத்தாகவே கருதப்படும். அவற்றை மீட்க அவர் வழக்குப் போடலாம். குற்றமே அறியாமல் செய்தேன் என்று நிரூபிப்பவர் இழப்பீட்டிலிருந்து தப்பலாம். ஆனால் தடையாணையும் கிடைத்த லாபத்துக்குக் கணக்கும் அவரையும் விடாது.

★

தமிழ்நாட்டில் படத்தையோ பாட்டையோ திருட்டுத்தனமாகப் பரப்புபவரைக் குண்டர் சட்டத்திலும் அடைக்கலாம். 2004-ல் 'வீடியோ திருடர்' என்ற வகை அந்தச் சட்டத்தில் சேர்ந்தது. ஓராண்டு வரை தடுப்புக்காவல். புத்தகத் திருட்டுக்கு அந்தப் பிரிவு இல்லை.

★

பார்வையற்றவருக்காக ஒரு புத்தகத்தை ஒலிநூலாகவோ பிரெய்லாகவோ மாற்றிக் கொடுக்க, லாபநோக்கம் இல்லாதவரை, யாருடைய அனுமதியும் வேண்டாம். இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014 ஜூனில், உறுதிசெய்த நாடு இந்தியா. விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் செய்திக்கும் நியாயமான அளவு மேற்கோள் எடுக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டதற்கு, வேறு பங்கு இல்லாத அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் எல்லாக் கதவையும் சாத்தவில்லை.

★

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. இணையக் காப்பகம் எனப்படும் இன்டர்நெட் ஆர்க்கைவ், நூல்களை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்ததற்காக ஹாஷெட் உள்ளிட்ட பதிப்பகங்களிடம் 2023-ல் தோற்றது, 2024-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஆந்த்ரோபிக், திருட்டு நூலகத் தளங்களிலிருந்து புத்தகங்களை இறக்கிச் சேர்த்த வழக்கில் 2025-ல் 150 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். வாங்கிய நூல்களைக்கொண்டு கணினியைப் பயிற்றுவித்தது நியாயமான பயன்பாடு, திருடிச் சேர்த்து வைத்தது அல்ல என்று நீதிபதி பிரித்துப் பார்த்திருந்தார். இந்தியாவில் ஓபன்ஏஐ-க்கு எதிராக ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் போனது.

★

உங்கள் எழுத்து திருட்டுப் போய்விட்டதா? சென்னைக்கோ டெல்லிக்கோ அலையவேண்டியதில்லை. 62-வது பிரிவின்படி, வழக்குப் போடுபவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். திருடியவர் எங்கே இருந்தாலும் சரி, பூண்டிக்காரர் திருப்பூர் நீதிமன்றத்தில் நிற்கலாம். சாதாரண ஆளுக்கு இந்தச் சட்டம் கொடுத்த மிகப் பெரிய உதவி இது என்று நினைக்கிறேன்.

முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டுமா? வேண்டாம். எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் 500 ரூபாய்க் கட்டணத்தில் இலக்கியப் படைப்பைப் பதிந்துவைத்தால் அந்தச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதற்சான்றாக நிற்கும்.

முதல் வேலை, கோப்பு கிடக்கும் தளத்துக்கு எழுத்தில் புகார். 2013 விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை முடக்கவேண்டும், 21 நாள் முடக்கிவைக்கவேண்டும். அந்த 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவோடு வராவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். கோபத்தில் புகார் அனுப்பிவிட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்கவேண்டும். எந்தக் கருவியில், எந்த நாளில், எந்த முகவரியிலிருந்து எடுத்தீர்கள் என்று அப்போதே குறித்துவையுங்கள்; மூலக் கோப்பை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பத்திரமாக வைத்திருங்கள். இழப்பீட்டு வழக்குக்குக் கெடு 3 ஆண்டு. திருட்டு நடந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்.